கடையிடத்திலிருந்து தலையிடத்திற்கு

தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் நாளிலே நம் குடும்பங்களில் முதலிற் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. பிள்ளை கணிதத்தில் எந்தப் பகுதியை விளங்கிக்கொண்டான், எதை விளங்காது விட்டான் என்று எவரும் வினவுவதில்லை. “வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?” என்பதே கேள்வி. முப்பத்தெட்டாம் பிள்ளை என்று விடை வந்தால் அன்றைய இரவு அவ்வீட்டில் உணவு ருசிப்பதில்லை. அந்த எண் அப்பிள்ளையின் நெற்றியில் எழுதப்பட்ட விதியாகவே பெற்றோராலும், சிலவேளை ஆசிரியராலும், ஈற்றில் அப்பிள்ளையாலுமே கொள்ளப்படுகிறது.

ஆண்டின் நடுவில் ஒருவர் நிற்கும் இடம் ஆண்டின் முடிவையும் தீர்மானித்துவிடுமா? இக்கேள்விக்கு விடை கூறும் வரலாறொன்று தூர தேசத்திலே, நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்திலே கிடைக்கின்றது. 1914ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பேஸ்போல் அணி நிகழ்த்திய மாற்றமே அது. அமெரிக்க மக்கள் அவ்வணியை ‘அற்புத அணி’ என்று இன்றும் அழைக்கின்றனர். அது அற்புதந்தானா என்பதை வரலாற்றைப் பார்த்தபின் வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஆட்டத்தின் இயல்பு

பேஸ்போல் என்பது தளப்பந்தாட்டம். நம் நாட்டு எல்லே விளையாட்டை அறிந்தவர்க்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஒருவர் பந்தை எறிகிறார். எதிரணி வீரர் உருண்டையான மட்டையினால் அதை அடித்துவிட்டு ஓடுகிறார். சதுரமான உட்களத்தின் மூலைகளில் உள்ள தளங்களை வரிசையாகக் கடந்து, புறப்பட்ட இடத்தை மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் ஓர் அணியின் முறை முடியும். இருதரப்பும் ஒன்பது சுற்று ஆடவேண்டும். அப்போதும் சமநிலையாயின் வெற்றி தோல்வி தெரியும்வரை மேலும் சுற்றுகள் ஆடப்படும். பந்தெறிபவரே இவ்வாட்டத்தின் உயிர்நாடி. அடிப்பவருக்குப் பின்னே, துடுப்பாட்டத்து விக்கெட் காப்பாளரைப்போல், முகக்கவசம் அணிந்து ஒருவர் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பார்.

இந்த ஆட்டத்தின் பெருங்குழுக்கள் ஓர் ஆண்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடுகின்றன. சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம். அக்காலத்தில் ‘நஷனல் லீக்’, ‘அமெரிக்கன் லீக்’ என்னும் இரு பெருஞ்சங்கங்களில் எட்டெட்டு அணிகள் இருந்தன. ஒவ்வொரு சங்கத்திலும் முதலிடம் பெற்ற அணிகள் இரண்டும் இறுதியில் உலகத் தொடர் என்னும் ஏழு ஆட்டத் தொடரில் மோதும். நான்கு ஆட்டங்களை முதலில் வென்ற அணியே வாகை சூடும்.

நகைப்புக்கிடமான அணி

நஷனல் லீக்கைச் சேர்ந்த பொஸ்ரன் அணி நீண்ட காலமாக அந்நகர மக்களின் நகைப்புக்கே இடமாயிருந்தது. 1909இல் 108 ஆட்டங்களில் தோல்வி. 1910இல் 100. 1911இல் 107. 1912இல் 101. இந்நான்கு ஆண்டுகளிலும் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. உரிமையாளர்கள் மாறினார்கள், பெயரும் மாறியது. 1912இல் ‘பிரேவ்ஸ்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. பெயரின் பொருள் தீரர் என்பது. ஆடுகளத்திலோ தீரம் காணப்படவில்லை.

1913இல் ஜோர்ஜ் ஸ்ரோலிங்ஸ் என்பவர் முகாமையாளராக வந்து சேர்ந்தார். தென்மாநிலமாகிய ஜோர்ஜியாவைச் சேர்ந்த அவர் வெளியிற் பண்பான கனவான். ஆட்டம் தொடங்கியதும் வேறு மனிதர். வீரர் அணியும் உடையை அணியாமல், நகரத்துக் கனவானின் முழு உடையோடு வீரர் இருக்கையின் ஓரத்தில் அமர்ந்து, தவறு செய்தவனை வாய்க்கு வந்தபடி ஏசுவார். மூடநம்பிக்கைகளும் அவரிடம் மிகுதி. தம் இருக்கையின் முன்னே கடதாசித் துண்டோ நிலக்கடலைக் கோதோ கிடந்தால் அபசகுனம் என்று கலங்குவார். இதை அறிந்த எதிரணியினர் வேண்டுமென்றே கடதாசியைக் கிழித்து அங்கே தூவுவார்களாம். தம் அணி நன்றாக அடிக்கத் தொடங்கியபோது தாம் எந்த நிலையில் இருந்தாரோ, அந்நிலையிலேயே அசையாது இருப்பாராம்.

இத்தகைய மனிதரிடம் ஆட்டத்தைப் பற்றிய தெளிந்த அறிவும் இருந்தது என்பதே வியப்பு. அவர் வந்த முதலாண்டில் அணி ஐந்தாமிடத்துக்கு உயர்ந்தது. ஆனால் 1914இன் தொடக்கமோ பழைய கதையாகவே இருந்தது. முதல் இருபத்திரண்டு ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வெற்றி. ஏளனம் மீண்டும் எழுந்தது.

ஒதுக்கப்பட்டோர் கூட்டம்

இந்த அணியில் இருந்தோர் யாவர்? ஓரிருவரைத் தவிர ஏனையோர் பிறர் வேண்டாமென்று விட்டவரே.

அணித்தலைவர் ஜொனி ஏவர்ஸ் முன்னொரு காலத்தில் சிக்காகோ அணியில் பெரும்புகழ் பெற்றவர். மெலிந்த உடல், கூரிய நாக்கு, மத்தியஸ்தரோடு வாதாடாத நாளே இல்லை. 1913இல் சிக்காகோ அணியை நடத்தியவரும் அவரே. ஆனால் ஆண்டு முடிந்தபின் உரிமையாளரோடு ஏற்பட்ட பிணக்கினால் பதவி நீக்கப்பட்டு, முப்பத்திரண்டாம் வயதில் பொஸ்ரனுக்கு வந்தார். இரண்டாம் தளம் அவருடைய காவலில் இருந்தது.

அவருக்கு அருகே, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்றவர் வோல்ரர் மரன்வில். ஐந்தடி ஐந்தங்குல உயரமே உள்ள இளைஞர். ‘முயல்’ என்பது அவருடைய பட்டப்பெயர். உயரே வரும் பந்தை இடுப்பருகே கைகளைக் கூடைபோல் ஏந்திப் பிடிப்பார். கோமாளித்தனமும் திறமையும் சரிபாதி கலந்தவர். கடுகடுத்த ஏவர்ஸும் குறும்புக்கார மரன்வில்லும் குணத்தால் இரு துருவங்கள். களத்திலோ இரு கைகளைப்போல் இயங்கினார்கள்.

பந்தெறிவோரில் ஒருவர் டிக் றூடொல்ப். நியூயோர்க் அணி அவரை இருமுறை சிறிது காலம் சோதித்துப் பார்த்துவிட்டுப் போதாது என்று கீழ்நிலைக் குழுவுக்கே திருப்பியனுப்பியது. அவரிடம் பெருவேகம் இல்லை. அடிப்பவரின் மனத்தை அறிந்து எறியும் நுண்மை இருந்தது. மற்றொருவர் பில் ஜேம்ஸ். நெடிய உடலும் வலிய கையும் வாய்ந்த இருபத்திரண்டு வயது இளைஞர். மூன்றாமவர் இடக்கை வீரர் ஜோர்ஜ் ரைலர். பந்தைப் பிடிக்கும் ஹாங்க் கௌடியும் நியூயோர்க் அணி கைமாற்றி விட்டவரே. வழக்கமாக ஆடியவர்களுள் அடிப்பதில் முன்னூற்றுக்கு மேற்பட்ட சராசரி, அதாவது பத்துமுறைக்கு மூன்றுமுறை நல்ல அடி, அந்த ஆண்டு முழுவதும் பெற்றவர் ஜோ கொனொலி ஒருவர்தான்.

யூலை மாதத் திருப்பம்

1914 யூலை 4, அமெரிக்கரின் சுதந்திர தினம். அன்று புரூக்ளின் அணியோடு ஒரே நாளில் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் பொஸ்ரன் தோற்றது. 26 வெற்றி, 40 தோல்வி, எட்டாமிடம், முதலிடத்திலிருந்த நியூயோர்க் அணிக்குப் பின்னே 15 ஆட்டத் தூரம். பொஸ்ரன் தொடர்ந்து பதினைந்து ஆட்டங்களை வென்று, அதே காலத்தில் நியூயோர்க் பதினைந்து ஆட்டங்களிலும் தோற்றாலன்றி இருவரும் சமமாக முடியாது என்பதே அதன் பொருள். அவமானம் அத்தோடு நிற்கவில்லை. அடுத்த சில நாட்களுள், பயணத்தின் வழியிலே பஃபலோ நகரில் ஒரு காட்சி ஆட்டம். கீழ்நிலைச் சங்கத்தைச் சேர்ந்த அவ்வூர் அணியிடமும் அவர்கள் தோற்றார்கள்.

அந்தத் தோல்வி வீரரின் உள்ளத்தைச் சுட்டது என்று பிற்காலத்தில் எழுதியோர் கூறுவர். உள்ளம் சுட்டிருக்கலாம். ஆனால் வெட்கம் மட்டும் ஓர் அணியை வெற்றிபெறச் செய்யுமானால், முந்திய நான்கு ஆண்டுகளில் அடைந்த வெட்கமே போதுமானதாய் இருந்திருக்கும். வேறு காரணங்கள் உள்ளனவா என்று நாம் பார்க்கவேண்டும்.

முதலாவது, அந்த எட்டாமிடம் பார்வைக்குத் தோன்றிய அளவு கீழானதன்று. நியூயோர்க்கைத் தவிர்த்தால் இடையில் நின்ற அணிகள் நெருங்கியே இருந்தன. யூலை 18ஆம் நாள் வரை பொஸ்ரன் கடைசியிலேயே இருந்தது. அதன்பின் சில ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றதும், ஒரு வாரம் முடிவதற்குள் நாலாமிடத்தை எட்டிப்பிடித்தது. இடம் வேறு, தூரம் வேறு. வகுப்பிலே முப்பத்தெட்டாம் பிள்ளைக்கும் இருபதாம் பிள்ளைக்கும் இடையே சிலவேளை பதினைந்து புள்ளிகளே இருக்கும். தேர்ச்சி அறிக்கையிலோ அது பெரும்பள்ளமாகத் தோன்றும்.

இரண்டாவது, பந்தெறிவோர் மூவரும் ஒரே காலத்தில் தம் உச்சத்தை அடைந்தனர். அவ்வாண்டு முடிவில் றூடொல்ப் 26 ஆட்டங்களையும், ஜேம்ஸ் 26 ஆட்டங்களையும், ரைலர் 16 ஆட்டங்களையும் வென்றிருந்தனர். அணி பெற்ற 94 வெற்றிகளில் 68 இந்த மூவருடையவை.

மூன்றாவது, ஆண்டின் நடுவிலும் முகாமையாளர் அணியைத் திருத்திக்கொண்டே இருந்தார். வேறு அணிகளில் இடமின்றி இருந்த வெளிக்கள வீரர் சிலரை யூன் இறுதியிலும் யூலைத் தொடக்கத்திலும் பெற்றார். ஓகஸ்டில் மூன்றாம் தளத்துக்கு ஸ்மித் என்னும் வீரரைப் புரூக்ளினிலிருந்து வாங்கினார். தோற்றுக்கொண்டிருக்கும் அணியென்று கைவிட்டிருந்தால் இவர்களைத் தேடியிருக்கமாட்டார்.

அரை வீரர் இருவர் ஒரு முழு வீரர்

நாலாவது காரணமே மிகவும் சிந்திக்கத்தக்கது. பொஸ்ரனிடம் சிறந்த வெளிக்கள வீரர் மூவர் இல்லை. குறையுடைய வீரர் பலர் இருந்தனர். ஸ்ரோலிங்ஸ் அவர்களைக் குறைகூறி ஒதுக்காது, அவர்களுடைய குறையையே கணக்கிற் கொண்டார்.

வலக்கையால் எறியப்படும் வளைபந்து வலக்கை வீரரின் உடலைவிட்டு அப்பால் விலகிச் செல்லும். இடப்புறமிருந்து அடிப்பவருக்கோ அது உள்நோக்கி வரும். ஆகவே வலக்கை எறிவாளரை இடக்கை அடிவீரரும், இடக்கை எறிவாளரை வலக்கை அடிவீரரும் எளிதாகச் சமாளிப்பர். இதை அக்காலத்தில் அனைவரும் அறிந்திருந்தனர். ஆனால் நாள்தோறும் எதிரணியின் எறிவாளர் எந்தக் கையினர் என்று பார்த்து, அதற்கேற்ப வெளிக்களத்தையே மாற்றியமைப்பதை ஓர் ஆண்டு முழுதும் ஒழுங்காகக் கடைப்பிடித்துப் பயன்கண்ட முன்னோடி ஸ்ரோலிங்ஸ் ஆவார். வலக்கையர் எறியும் நாளில் கொனொலி, மொறன் முதலிய இடக்கை அடிவீரர் ஆடினர். இடக்கையர் எறியும் நாளில் மான், கேதர் முதலிய வலக்கை அடிவீரர் ஆடினர். இவருள் ஒருவரேனும் முழுமையான வீரரல்லர். ஆயினும் அரை வீரர் இருவர் சேர்ந்து ஒரு முழு வீரராயினர்.

இதற்கு வீரரின் ஒத்துழைப்பும் வேண்டும். நேற்று நன்றாக ஆடியவன் இன்று இருக்கையில் அமர்ந்திருக்கச் சம்மதிக்கவேண்டும். அந்தச் சம்மதம் அந்த அணியில் இருந்தது.

நியூயோர்க்கை முந்திய நாள்கள்

ஓகஸ்ட் பிறந்தது. ஐரோப்பாவில் முதலாம் உலகப்போர் மூண்டது. அமெரிக்கப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களைப் போர்ச்செய்தி நிறைத்திருந்த அவ்வாரங்களிலே, பொஸ்ரன் அணி ஒவ்வோர் இடமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த மாத நடுப்பகுதியில் நியூயோர்க்குக்கே சென்று முதலிட அணியை அதன் சொந்தக் களத்தில் மூன்று ஆட்டங்களிலும் தோற்கடித்தது. மூன்றாம் ஆட்டம் பத்துச் சுற்று நீடித்தது. நியூயோர்க்கின் பெருமைக்குரிய பந்தெறிவீரர் கிறிஸ்ரி மத்தியூசனை எதிர்த்து ரைலர் 2–0 என்று வென்றார்.

ஏவர்ஸுக்கு அந்த ஓகஸ்ட் வெற்றியின் மாதமாக மட்டும் அமையவில்லை. அவருடைய சின்னஞ்சிறு மகள் செங்காய்ச்சல் கண்டு இறந்தாள். வீடு சென்று மகளைப் புதைத்துவிட்டு அவர் அணிக்குத் திரும்பினார். அதன்பின்னும் முன்போலவே மத்தியஸ்தரோடு வாதாடினார், முன்போலவே ஆடினார். பட்டியலில் வெற்றி தோல்விக்கு இடமுண்டு. ஒரு தந்தையின் துயரத்தை எழுத அங்கே இடமில்லை.

செப்தெம்பர் 7, தொழிலாளர் தினம். நியூயோர்க் அணி பொஸ்ரனுக்கு வந்தது. தங்கள் பழைய மைதானம் சிறிதென்பதால், அதே நகரத்து மற்ற அணியின் புதிய மைதானமாகிய பென்வே பார்க்கை இரவலாகப் பெற்று ஆடினார்கள். காலை ஆட்டமும் மாலை ஆட்டமுமாக எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து குவிந்தனர். காலை ஆட்டத்தின் ஒன்பதாம் சுற்றில், மத்தியூசனின் பந்தை ஏவர்ஸ் அடித்த அடியினால் பொஸ்ரன் 5–4 என்று வென்றது. மாலையில் தோற்றது. மறுநாள் ஜேம்ஸ் எறிய மீண்டும் வென்றது. அன்று பிடித்த முதலிடத்தைப் பொஸ்ரன் பின்னர் விடவேயில்லை.

அதற்கு அடுத்தநாள் நிகழ்ந்ததொன்றை மாணவர்கள் அறியவேண்டும். ஜோர்ஜ் டேவிஸ் என்னும் பந்தெறிவீரர், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டே ஆடிவந்தவர், பிலடெல்பியாவின் நஷனல் லீக் அணிக்கு ஒரு நல்ல அடியைக்கூட விட்டுக்கொடாமல் ஒன்பது சுற்றும் எறிந்து முடித்தார். அவர் பெருங்குழுவில் பெற்ற வெற்றிகள் மிகச்சில. ஆனால் பின்னர் வழக்கறிஞராகி, நட்சத்திரங்களின் பெயர்களது தோற்றத்தையும் பொருளையும் ஆராய்ந்து எழுதினார்.

யூலை 4க்குப் பின்னர் ஆடிய 87 ஆட்டங்களில் 68 வெற்றி, 19 தோல்வி. ஆண்டு முடிவில் 94 வெற்றி, 59 தோல்வி. பதினைந்து ஆட்டம் பின்னே நின்ற அணி, இரண்டாம் அணியைப் பத்தரை ஆட்டம் பின்னே தள்ளிவிட்டு முதலிடம் பெற்றது.

எதிரே நின்ற பேரணி

உலகத் தொடரில் எதிர்ப்பட்டது அமெரிக்கன் லீக்கைச் சேர்ந்த பிலடெல்பியா ‘அத்லெற்றிக்ஸ்’. கொனி மக் என்னும் பேரறிஞர் நடத்திய அவ்வணி 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் உலக வாகை சூடியது. அதன் உட்களத்து நால்வரையும் மக்கள் ‘இலட்சம் டொலர் உட்களம்’ என்று புகழ்ந்தனர். பொஸ்ரனுக்கு வெற்றி கிடைக்கும் என்று நம்பியோர் சிலரே. போதாக்குறைக்கு, தொடர் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது மூன்றாம் தளக் காவலர் ஸ்மித்தின் கால் முறிந்தது. அவ்விடத்தில் டீல் என்பவர் நிறுத்தப்பட்டார். இவர் ஸ்மித் வந்ததும் இருக்கைக்கு அனுப்பப்பட்டவர். அடிப்பதில் மிகவும் பலவீனர்.

ஒக்டோபர் 9, பிலடெல்பியாவில் முதலாட்டம். றூடொல்ப் எறிந்தார், பொஸ்ரன் 7–1 என வென்றது. மறுநாள் ஆட்டம் எட்டுச் சுற்று முடிந்தும் எவரும் ஓட்டம் பெறாத கடும்போராக நடந்தது. ஒன்பதாம் சுற்றில் அந்தப் பலவீனரான டீல் அடித்த பந்து, வெளிக்கள வீரரின் கணிப்பைத் தப்பி அப்பால் விழ, அவர் இரண்டாம் தளத்தை அடைந்தார். பின்பு எதிரணியினர் சற்றே அயர்ந்த கணத்தில் மூன்றாம் தளத்துக்கும் பாய்ந்துவிட்டார். லெஸ் மான் அடித்த அடியில் அவர் ஓடிவந்து பெற்ற ஓட்டமே அன்றைய ஒரே ஓட்டம். ஜேம்ஸ் அந்த ஆட்டம் முழுதிலும் கொடுத்த நல்ல அடிகள் இரண்டே.

தவறும் திருத்தமும்

மூன்றாம் ஆட்டம் ஒக்டோபர் 12, பொஸ்ரனில். ஒன்பது சுற்றில் 2–2. பத்தாம் சுற்றில் பிலடெல்பியா வீரர் மூன்று தளங்களிலும் நிற்க, பேக்கர் ஓங்கியடித்த பந்து ஏவர்ஸிடம் வந்தது. அதை அவர் சரியாகப் பற்றவில்லை. ஓர் ஓட்டம் போயிற்று. தம் பிழையை எண்ணித் திகைத்தவராய்ப் பந்தைக் கையில் வைத்தபடி அவர் நின்ற கணத்தில், மற்றொருவரும் ஓடி வீடு சேர்ந்தார். 4–2. ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்தவர் என்று நாடெங்கும் பேர்பெற்ற தலைவர், ஒரு சிறுவன்கூடச் செய்யாத பிழையைப் பல்லாயிரவர் முன் செய்துவிட்டார்.

பொஸ்ரனின் முறை வந்தது. முதலில் வந்த கௌடி, அத்தொடரிலே எவரும் அடித்திராத நெடிய அடியொன்றை அடித்துச் சுற்றி ஓடி ஓர் ஓட்டம் பெற்றார். ஒருவர் ஆட்டமிழந்தார். மொறன் முதல் தளம் சேர்ந்தார். அடுத்து வரவேண்டியவர் ஏவர்ஸ். அவர் மட்டையோடு வந்து, பெரிய அடிக்கு ஆசைப்படாமல் பந்தைச் செம்மையாக அடித்து, மொறனை மூன்றாம் தளத்துக்கு நகர்த்தினார். கொனொலி உயர அடித்துத் தாம் ஆட்டமிழந்தாலும், மொறன் ஓடிவந்து சமநிலை பெறுவித்தார். பன்னிரண்டாம் சுற்றில் கௌடி மீண்டும் ஒரு நல்லடி அடித்தார். அவருக்குப் பதிலாக ஓட மான் அனுப்பப்பட்டார். எதிரணியின் இளம் எறிவாளர் புஷ் அவசரத்தில் பந்தைத் தவறாக மூன்றாம் தளத்துக்கு எறிய, மான் வீடு சேர்ந்தார். 5–4.

மறுநாள் நாலாம் ஆட்டம். 1–1 என நின்ற ஐந்தாம் சுற்றில் இருவரை ஓடிவரச்செய்து வெற்றியைத் தந்த அடியை அடித்தவர் யார்? அதே ஏவர்ஸ். றூடொல்ப் எறிந்து 3–1 என முடித்தார். நான்கு ஆட்டங்களும் தொடர்ச்சியாய் வெல்லப்பட்டன. சமநிலை ஆட்டம் ஒன்றேனும் இன்றி நாலே ஆட்டங்களில் உலகத் தொடர் முடிந்தது அதுவே முதற்தடவை. அவ்வாண்டு முழுவதும் சாதாரணமாகவே அடித்த கௌடி, தொடரில் பதினொரு முறையில் ஆறு நல்லடிகள் பெற்றார். நஷனல் லீக்கின் அவ்வாண்டுச் சிறந்த வீரருக்கான பரிசு ஏவர்ஸுக்குக் கிடைத்தது, இரண்டாமிடம் மரன்வில்லுக்கு.

வெற்றிக்குப் பின்

கதையை இங்கே முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை முழுமையாய் இராது.

அடுத்த ஆண்டு பொஸ்ரன் இரண்டாமிடம் பெற்றது. அதற்கடுத்த ஆண்டு மூன்றாமிடம். பின்னர் பழைய பள்ளத்துக்கே இறங்கியது. மீண்டும் சங்கத்தின் முதலிடம் பெற 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1953இல் அந்த அணி பொஸ்ரனை விட்டு மில்வாக்கிக்கும், 1966இல் அத்லாந்தாவுக்கும் சென்றது.

பில் ஜேம்ஸின் கை, 1914இல் முந்நூற்று முப்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் எறிந்த கை, மறு ஆண்டே பழுதடைந்தது. அதன்பின் அவர் பெருங்குழுவில் பெற்ற வெற்றிகள் ஐந்தே. இருபத்திரண்டு வயதில் உச்சியைத் தொட்டவர்க்கு இறக்கமும் அப்போதே தொடங்கியது. அன்றைய வெற்றிக்கு அதிக விலை கொடுத்தவர் அவர்.

கௌடி 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, பெருங்குழு வீரருள் முதல்வராகப் படையிற் சேர்ந்து பிரான்சின் போர்முனைக்குச் சென்றார். மீண்டுவந்து நியூயோர்க் அணிக்காக ஆடினார். 1924ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஏழாம் ஆட்டம். அதுவும் பன்னிரண்டாம் சுற்று. எளிதான உயர்ந்த பந்தொன்றைப் பிடிக்க ஓடியவர், தாமே கழற்றி எறிந்த முகக்கவசத்தில் காலை வைத்துத் தடுமாறிப் பந்தைத் தவறவிட்டார். தப்பிய வீரரே பின்னர் வெற்றி ஓட்டத்தைப் பெற்றார். பத்தாண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் சுற்றில் வெற்றிக்கு வழிதிறந்த அதே மனிதர்!

தோற்ற பிலடெல்பியாவின் கதை இன்னும் வியப்பானது. புதிதாகத் தோன்றிய போட்டிச் சங்கமொன்று வீரரைப் பெருஞ்சம்பளம் காட்டி இழுக்க, கொனி மக் தம் அணியைக் கலைக்கத் தொடங்கினார். இரண்டாம் தளத்துப் பெருவீரர் எடி கொலின்ஸ் 50,000 டொலருக்கு விற்கப்பட்டார். 1915இல் அவ்வணி 43 ஆட்டங்களையே வென்று 109 ஆட்டங்களில் தோற்றுக் கடைசியிடத்தில் விழுந்தது. 1921 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து அங்கேயே கிடந்தது. 1914இல் கடையணி தலையணியானது. மறு ஆண்டு தலையணி கடையணியானது.

எண் சொல்வதும் சொல்லாததும்

அற்புதம் என்று சொல்வது அவ்வீரருக்குப் புகழ்போலத் தோன்றினாலும், ஒருவகையில் அநீதியே ஆகும். அற்புதம் என்றால் காரணமில்லாமல் வந்தது என்று பொருள். இங்கேயோ காரணங்கள் ஒவ்வொன்றாக எண்ணத்தக்கவை. போதாதென்று திருப்பியனுப்பப்பட்டவன் நுண்மையைப் பயின்றான். குறையுள்ளவர் இருவர் ஓரிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். பலவீனனென்று இருக்கைக்கு அனுப்பப்பட்டவன், அழைப்பு வந்த நாளில் ஆயத்தமாய் இருந்தான். தலைவன் பெரும்பிழை செய்த அதே சுற்றில் மட்டையை எடுத்து வந்தான். அதிர்ஷ்டமும் ஒருபங்கு உண்டென்பதை மறுக்க வேண்டியதில்லை. புஷ்ஷின் எறி நேராகப் போயிருந்தால் மூன்றாம் ஆட்டம் எப்படி முடிந்திருக்கும் என்று யார் சொல்ல வல்லார்? ஆனால் அந்த எறி தவறியபோது ஓடுவதற்கு ஒருவன் இரண்டாம் தளத்தில் ஆயத்தமாய் நின்றான் என்பதை மறக்கலாகாது.

பட்டியலில் உள்ள எண் பொய் சொல்வதில்லை. யூலை 4இல் பொஸ்ரன் உண்மையாகவே எட்டாமிடத்தில் இருந்தது. ஆனால் அந்த எண் நேற்றுவரை நிகழ்ந்ததைச் சொல்லும். அதற்கு மேல் எதையும் சொல்லாது. நாளையைப் பற்றி அதனிடம் கேட்பது நம்முடைய பிழை. இது முப்பத்தெட்டாம் பிள்ளைக்கு எவ்வளவு பொருந்துமோ, முதலாம் பிள்ளைக்கும் அவ்வளவு பொருந்தும் என்பதைப் பிலடெல்பியாவின் கதை காட்டுகின்றது.

ஆகவே, அடுத்த தவணைத் தேர்ச்சி அறிக்கை வரும்போது பெற்றோர் அந்தப் பழைய கேள்வியைச் சற்றே பின்போட்டு, வேறு மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி குறைந்தது? ஏன் குறைந்தது? அதற்கு யார் உதவலாம்? ஸ்ரோலிங்ஸ் தம் அணியைப் பார்த்துக் கேட்டவையும் ஏறக்குறைய இவையே. கேட்டுவிட்டு, அவர் பிள்ளைகளை ஏசியதுபோல் ஏசவேண்டியதில்லை. அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடலாம்.